பளிங்கைத் திருப்பிப் பாருங்கள்

(படைப்படையான குறைகடத்திகளின் காந்தவியல் பற்றிக் கண்டியில் ஆசிரியர்களுக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காந்தம் என்றதும் இரும்பு நினைவுக்கு வருகிறது. குறைகடத்தி என்றதும் கைத்தொலைபேசி நினைவுக்கு வருகிறது. கணினிக்குள்ளும் இவை நெடுங்காலமாகத் தனித்தனி வீட்டுக்காரர்கள்தான். கணக்குப் போடுவது சிலிக்கன். வன்தட்டில் அதை எழுதி வைப்பது காந்தப் படலம். இரண்டும் ஒரே பளிங்கில் குடியிருக்க முடியுமா என்று பௌதிகவியலாளர்கள் கேட்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடந்த பத்தாண்டுக்குள் அந்தக் கேள்வி மெல்லிய படைகளாகப் பிரியும் பொருள்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பொருள்களில் வனேடியம், குரோமியம், மங்கனீசு, இரும்பு போன்ற காந்த மூலகங்களைச் சிறிதளவு மாசாக ஊட்டினால் என்ன நடக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

இதை வெளிநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து தொடங்க எனக்கு விருப்பமில்லை. நம் மண்ணிலிருந்தே தொடங்கலாம். கண்டிக்கு மேற்கே கேகாலை மாவட்டத்தில் போகல, வடமேற்கே குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ. இரண்டும் காரீயம், அதாவது கிராபைட்டு, எடுக்கும் சுரங்கங்கள். பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடும் இந்தக் காரீயம் தோண்டி எடுக்கும்போதே மிகத் தூய்மையானது. நல்ல கட்டிகளில் காபன் 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக உலகமெங்கும் கப்பலேறியது. இன்று மின்கலங்களுக்காகப் பேசப்படுகிறது. இன்று மாலை எனக்கு அதன் விலையில் அக்கறை இல்லை, அதன் அமைப்பில்தான் அக்கறை.

காரீயத்தில் காபன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய தளங்களில் இருக்கின்றன. ஒரு தளத்துக்குள் அணுவுக்கு அணு தூரம் 1.42 அங்ஸ்ரம். தளத்துக்குத் தளம் தூரம் 3.35 அங்ஸ்ரம். வெற்றிலைக் கட்டைப் போல: ஒவ்வொரு இலையும் தன்னளவில் உறுதி, இலைக்கும் இலைக்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு. பென்சிலால் எழுதும்போது தாளில் படிவது இப்படி நழுவி வந்த தளங்கள்தான். காரீயத்துக்குச் சக்தி இடைவெளி இல்லை, ஆகவே அது சரியான குறைகடத்தி அல்ல என்று பின்வரிசையிலிருந்து யாராவது சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் படைப்படையான பொருள்களின் காந்தவியலுக்கு முதல் பாடம் காரீயத்தில்தான் படிக்கப்பட்டது. படித்தவர் ஒரு தமிழர்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன், 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1928இல் சி.வி. ராமனுடன் சேர்ந்து ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பில் உழைத்த கிருஷ்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புகழின் நிழலில் அவருடைய சொந்த ஆராய்ச்சி மறைந்து கிடக்கிறது என்பது என் ஆதங்கம். டாக்காவிலும், 1933க்குப் பிறகு கல்கத்தாவிலும் அவர் செய்தது பளிங்குகளின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்ற அளவீடு. கருவி மிக எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் பளிங்கைத் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்துக்குள் வைப்பார். பளிங்கு தனக்கு வசதியான திசையில் திரும்பி நிற்கும். பிறகு இழையின் மேல் முனையை மெதுவாக முறுக்குவார். பளிங்கு அந்த முறுக்கை எதிர்த்துத் தன் நிலையிலேயே நிற்க முயலும். ஓரெல்லையைத் தாண்டியதும் சட்டெனப் புரண்டு திரும்பும். அந்த எல்லைக் கோணத்தைக் குறித்துக்கொண்டால், இழையின் முறுக்கு மாறிலியிலிருந்து இரு திசைகளின் காந்த ஏற்புத்திறன் வித்தியாசம் கணக்கில் வந்துவிடும்.

காரீயத்தில் அவர் கண்டது இது. தளங்களுக்குச் செங்குத்தான திசையில் காரீயம் காந்தப்புலத்தைக் கடுமையாக வெறுக்கிறது. அதன் காந்த ஏற்புத்திறன் கிராமுக்கு ஏறத்தாழ மைனஸ் 22, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில். தளத்தின் வழியே பார்த்தால் அது மைனஸ் 0.5 அளவுதான். நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்! இப்படிப் புலத்தை வெறுக்கும் டயா காந்தத்துக்குப் பெயர்போன பிஸ்மத்துகூடக் கிராமுக்குக் கிராம் காரீயத்தின் செங்குத்துத் திசைக்குப் பக்கத்தில் வராது. காரணம் தளத்துக்குள் தாராளமாக உலவும் இலத்திரன்கள். புலம் செங்குத்தாக வந்தால் அவை தளத்திலேயே வட்டமிட்டு அதை எதிர்க்கின்றன. புலம் தளத்தோடு வந்தால் வட்டமிட இடமில்லை. 1939இல் கிருஷ்ணனும் கங்குலியும் மின்கடத்தலிலும் இதே ஏற்றத்தாழ்வைக் காட்டினார்கள். காரீயத்தின் டயா காந்தத்துக்கு முறையான குவாண்டக் கணக்கை மக்ளூர் 1956இல்தான் போட்டார்.

படைப்படையான பொருளின் காந்தத்தை ஒரே எண்ணால் சொல்ல முடியாது, எந்தத் திசையில் என்று சொல்லாத அளவீடு பாதி அளவீடு. கிருஷ்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். இன்றைய பேச்சு முழுவதும் இதை வைத்துத்தான் நகரப்போகிறது.

இனி குறைகடத்திக்கு வருவோம். காலியம் ஆர்சனைட்டு ஒரு சாதாரணக் குறைகடத்தி, காந்தமில்லாதது. அதில் காலியத்தின் இடத்தில் மங்கனீசை வைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மங்கனீசின் உள்ளோட்டில் ஐந்து சோடி சேராத இலத்திரன்கள் இருக்கின்றன. அவை ஒரு சின்னக் காந்தம். அத்துடன் காலியத்தைவிட ஓர் இலத்திரன் குறைவாகத் தருவதால் ஒரு துளையும் உண்டாகிறது. அந்தத் துளைகள் பளிங்குக்குள் அலைந்து திரிந்து, தூரத்தூர இருக்கும் மங்கனீசுகளை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து, ஒரே பக்கம் திரும்ப வைக்கின்றன. ஜப்பானில் ஓனோவின் குழு 1996இல் இதைச் செய்து காட்டியது. 2000ஆம் ஆண்டில் இண்டியம் சார்ந்த இதே குடும்பப் பொருளில், மின்புலத்தைக் கூட்டிக் குறைத்தே காந்தத்தை இருக்கச் செய்யவும் இல்லாமல் போகச் செய்யவும் அவர்களால் முடிந்தது. துளைகளின் எண்ணிக்கையை மாற்றினால் காந்தம் மாறுகிறது. எந்த இரும்புத் துண்டாலும் முடியாத வேலை இது.

ஆனால் குளிர். காலியம் மங்கனீசு ஆர்சனைட்டில் பல ஆண்டு முயற்சிக்குப் பிறகும் காந்த ஒழுங்கு ஏறத்தாழ 200 கெல்வினுக்கு மேல் ஏறவில்லை. மைனஸ் 73 பாகை செல்சியஸ்! நம் கண்டியின் சராசரி வெப்பநிலை கெல்வினில் 297க்கு அருகே. அந்த நூறு கெல்வின் இடைவெளியில்தான் எத்தனையோ ஆராய்ச்சி நிதி கரைந்து போயிருக்கிறது. மங்கனீசை இன்னும் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கூட்டினால் அது காலியத்தின் இடத்தில் அடங்கி இருப்பதில்லை. இடுக்குகளில் போய் உட்கார்ந்து துளைகளை விழுங்கும், அல்லது தனியாகத் திரண்டு வேறு சேர்வையாகிவிடும்.

இங்கேதான் படைப்பொருள்கள் உள்ளே வருகின்றன. மொலிப்டினம் இருசல்பைட்டு, தங்குதன் இருசெலனைட்டு போன்றவற்றில் ஒவ்வொரு படையும் மூன்று அடுக்கு: நடுவில் உலோகம், மேலும் கீழும் கந்தகம் அல்லது செலனியம். இவை நியாயமான குறைகடத்திகள். 2010இல் தெரியவந்த சங்கதி, மொலிப்டினம் இருசல்பைட்டைத் தனிப்படையாக உரித்தால் அது ஒளியை நன்றாக உமிழத் தொடங்குகிறது, அதன் சக்தி இடைவெளியின் தன்மையே மாறிவிடுகிறது. இப்படி ஒரே படைப் பருமனுக்கு இறங்கிய பொருளில் காந்தம் நிலைக்குமா?

நிலைக்கக் கூடாது என்று ஒரு தேற்றம் இருக்கிறது. 1966இல் மெர்மினும் வாக்னரும் நிறுவியது. காந்த அணுக்கள் எந்தத் திசையிலும் விருப்பு வெறுப்பின்றித் திரும்பக் கூடியவையாக இருந்தால், இரு பரிமாணத்தில் எவ்வளவு குறைந்த வெப்பமானாலும் அவற்றின் ஒழுங்கு கலைந்துவிடும். முக்கியமான நிபந்தனையைக் கவனியுங்கள்: திசை விருப்பம் இல்லாவிட்டால். பளிங்குக்கு ஒரு திசை பிடித்தமானதாக இருந்தால் தேற்றம் கைவிட்டுவிடும். கிருஷ்ணன் தொங்கவிட்ட இழையில் நாம் பார்த்த அதே திசைப் பேதம் இங்கே காந்தத்தின் உயிரைக் காக்கிறது. 2017 ஜூனில் குரோமியம் மூவயடைட்டின் தனிப்படை 45 கெல்வின் வரை காந்தமாக இருப்பதை அமெரிக்கக் குழு ஒன்று காட்டியது. அங்கே தளத்துக்குச் செங்குத்தான திசையைக் காந்தத்துக்குப் பிடித்ததாக்குவதில் கனமான அயடீனுக்குப் பெரும் பங்குண்டு. இரண்டு படைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒன்றின் காந்தம் மற்றதை நீக்கிவிடுகிறது. மூன்று வைத்தால் மீண்டும் வருகிறது. படைகளை எண்ணிக் காந்தத்தை அமைக்கலாம் என்பது எனக்கு இன்னும் அதிசயமாகவே இருக்கிறது.

மாசூட்டும் வழி இன்னும் துணிச்சலானது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொரியாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனிக் குழுக்கள் தங்குதன் இருசெலனைட்டு, தங்குதன் இருசல்பைட்டு ஆகியவற்றின் தனிப்படைகளில் தங்குதனுக்குப் பதிலாகச் சில இடங்களில் வனேடியத்தை வைத்து, அறை வெப்பநிலையிலேயே காந்தத்தின் அடையாளங்களை அறிவித்தன. கொரியக் குழு ஊட்டிய வனேடியம் 0.1 சதவீத அளவுதான். ஆயிரம் தங்குதனுக்கு ஒரு வனேடியம்! வனேடியம் தங்குதனைவிட ஓர் இலத்திரன் குறைந்தது, ஆகவே இங்கும் துளை உண்டு. மொலிப்டினம் இருசல்பைட்டில் இரும்பை ஊட்டி இதே மாதிரி முடிவை இன்னொரு குழு அதே காலத்தில் வெளியிட்டது. மங்கனீசை ஊட்ட முயன்றவர்கள் 2015இல் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். படலத்தை எந்த அடித்தளத்தின் மீது வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்து மங்கனீசு உள்ளே போவதும் போகாததும் முடிவாகிறது. விருந்தாளியின் குணத்தை மட்டுமல்ல, வீட்டின் தரையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் செய்திகளைப் பத்திரிகையில் படிக்கும்போது கைதட்டத் தோன்றும். தட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம், உயர்தரப் பரீட்சைக்கு வரக்கூடிய கணக்கு அல்ல, ஆனால் வாழ்க்கைக்கு உதவும்.

ஒரு சதுர சென்ரிமீற்றர் தங்குதன் இருசெலனைட்டுத் தனிப்படையில் சுமார் ஆயிரம் இலட்சம் கோடி தங்குதன் அணுக்கள், அதாவது பத்தின் பதினைந்தாம் அடுக்கு. அதில் ஒரு சதவீதம் வனேடியம் என்றால் பத்தின் பதின்மூன்றாம் அடுக்கு அணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு போர் மக்னெட்டன் (அணுக்காந்தங்களின் அலகு) காந்தத் திருப்பம் தருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம், பழைய சி.ஜி.எஸ். அலகில், ஒரு கோடியில் ஒரு பங்கு. இனி இரும்புக்கு வாருங்கள். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் இரும்பின் நிரம்பிய காந்தமாக்கம் அதே அலகில் 218. அப்படியானால் ஒரு நனோகிராம் இரும்பு, கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு, தருவது ஒரு கோடியில் 2.2 பங்கு. நம் வனேடியம் முழுவதும் சேர்ந்து தருவதைப்போல் இருமடங்கு! ஒரு நனோகிராம் இரும்புத் துணுக்கின் குறுக்களவு ஆறு மைக்ரோமீற்றர் அளவு. தலைமுடிப் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. காற்றில் மிதந்து வந்து படியலாம், இடுக்கியிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். கொரியர்களின் 0.1 சதவீதக் கணக்கில் அதே துணுக்கு இருபது மடங்குக்கு மேல் பெரிய குரலில் பேசும்.

கற்பனை அல்ல, நடந்தது. 2004இல் ஹஃப்னியம் ஒட்சைட்டுப் படலத்தில் எதிர்பாராத காந்தம் இருப்பதாக டப்ளின் குழு ஒன்று 'நேச்சர்' இதழில் அறிவித்தது. அந்தச் சேர்வையில் காந்த மூலகமே கிடையாது. அடுத்த ஆண்டே ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், துருப்பிடிக்காத உருக்கு இடுக்கியால் மாதிரியைத் தொட்டாலே அதே மாதிரிக் காந்தச் சமிக்ஞை வந்துவிடும் என்று காட்டினார்கள். ஒரு இடுக்கி போதும், ஒரு துறையையே திசை திருப்ப. அந்தக் காலத்து ஒட்சைட்டுக் காந்தக் கட்டுரைகளில் எத்தனை இடுக்கிக் காந்தம் என்று கேட்டால் நான் மரியாதையாகப் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆகவே ஊட்டிய அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி. பளிங்கின் உலோக அணுவின் ஆசனத்தில் அமர்ந்ததா, இரண்டு படைகளுக்கு இடையிலான வெற்றிடத்தில் நுழைந்து படுத்திருக்கிறதா, அல்லது தன் இனத்தோடு கூடித் திரண்டுவிட்டதா? மூன்றும் மூன்று விதமான காந்தம். தந்தலம் இருசல்பைட்டின் படைகளுக்கு இடையே நான்கில் ஒரு பங்கு இரும்பைப் புகுத்தினால் அது 160 கெல்வின் வரை காந்தம். அதே இரும்பை நியோபியம் இருசல்பைட்டில் மூன்றில் ஒரு பங்காகப் புகுத்தினால் அணுக்காந்தங்கள் எதிர் எதிராக அடுக்கப்பட்டு ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. இரண்டும் உலோகங்கள்தான், குறைகடத்தியல்ல. ஆனால் இரும்பு ஒன்றேயென்றாலும் இருப்பிடமும் விகிதமும் மாறினால் நடத்தையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இந்த இருப்பிடக் கேள்வியைத் தீர்க்க அணுவைத் தனித்தனியாகக் காட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டி தேவை. எந்த மூலகத்திலிருந்து காந்தம் வருகிறது என்று சொல்லும் எக்ஸ்கதிர் அளவீடும் தேவை. அதற்கான எக்ஸ்கதிரைத் தரும் சின்க்ரோட்ரான் நமக்கு அருகில் என்றால் இந்தூரிலுள்ள இண்டஸ்-2.

இவ்வளவு செலவில்லாத ஒரு சோதனையும் இருக்கிறது. பளிங்கைத் திருப்பிப் பார்ப்பது. படலத்தின் உள்ளே அணுக்கள் ஒழுங்காக அமர்ந்து தந்த காந்தம், பளிங்கின் திசை விருப்பத்தை ஏற்றுக்கொண்டே இருக்கும். தளத்தோடு அளந்தால் ஒன்று, செங்குத்தாக அளந்தால் வேறொன்று. இடுக்கியிலிருந்து ஒட்டிய உருண்டைத் துணுக்குக்கு மேலும் கீழும் தெரியாது, எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான். துணுக்கு நீளவாக்கில் இருந்தால் ஏமாற்றலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திசையோடு அளக்காமல் வெளியான அறை வெப்பநிலைக் காந்தத்தை நான் நம்புவதில்லை. ஒரே ஒரு வளைவரைபடத்தைக் காட்டி ஒரு புதிய காந்தத்தை அறிவிக்கும் கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் வென்ற ஒரு கதையும் சொல்லவேண்டும். பிஸ்மத்து, அந்திமனி, தெலூரியம் சேர்ந்த படைக் குறைகடத்தி ஒன்றில் குரோமியத்தை ஊட்டினார்கள் சீன ஆய்வாளர்கள். ஐந்தடுக்குப் படைகள் ஐந்து கொண்ட, ஏறத்தாழ ஐந்து நனோமீற்றர் தடிப்புள்ள படலம். 2013இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: வெளிப்புலம் எதுவும் இல்லாமலே அந்தப் படலத்தின் குறுக்குத்தடை 25,812.8 ஓம் என்ற இயற்கை மாறிலியில் வந்து நின்றது. பிளாங்க் மாறிலியை இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தால் வகுத்த எண். எந்த இரும்புத் துணுக்காலும் இந்த எண்ணைப் போலியாகத் தரமுடியாது. காந்தம் தளத்துக்குச் செங்குத்தாக நின்றதால்தான் இது நடந்தது. அளவிட்டது 30 மில்லிகெல்வினில், அதாவது கண்டியின் குளிருக்குப் பத்தாயிரம் மடங்கு கீழே. நடைமுறைப் பயனுக்கு இன்னும் வெகுதூரம். ஆனால் இந்தத் துறையில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

நம் ஊருக்குத் திரும்புவோம். ஹந்தானை மலைச்சரிவில் தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1995இல் கீர்த்தி தென்னக்கோனும் அவருடைய சகாக்களும், சாயமூட்டிய சூரியக்கலத்தில் ஐரோப்பியர்கள் பயன்படுத்திய திரவத்தை எடுத்துவிட்டு, செப்பு அயடைட்டு என்ற குறைகடத்தியை இட்டு முழுத் திண்மக் கலம் செய்து காட்டினார்கள். உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வேலை. பெரிய இயந்திரங்கள் இல்லாத இடத்திலிருந்து இப்படி ஒன்று வரமுடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அதே நிறுவனத்திலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைக் காரீயத்தைத் தூய்மைப்படுத்தி மின்கலங்களுக்கும் பிற பொருள்களுக்கும் பயன்படுத்தும் ஆய்வுகள் நடந்து வருகின்றன.

அந்தக் காரீயத்தில் காந்தத்தை ஆராய விரும்பும் இளைஞருக்கு ஒரு எச்சரிக்கை. நம் நரம்புக் காரீயத்தோடு குவார்ட்ஸ், கல்சைற்று, இரும்புச் சல்பைட்டான பைரைற்று ஆகியவை கூடவே வரும். பைரைற்று காந்தத்தில் ஒட்டாது. ஆனால் காற்றில்லாமல் சூடாக்கினால் கந்தகத்தை இழந்து பைரோத்தைற்று ஆகும், அது காந்தம். உருக்குக் குண்டுகள் போட்ட அரைவையில் பொடியாக்கினால் உருக்கே கலந்துவிடும். சூடாக்கிவிட்டோம், அரைத்துவிட்டோம், காந்தமாகிவிட்டது என்று மகிழ்வதற்கு முன் எந்த வழியில் இரும்பு வந்தது என்று பார்க்கவேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். போகலக் காரீயத்தில் தட்டையான ஒரு செதிலை எடுங்கள். அதன் தட்டை முகம் நிலைக்குத்தாக இருக்கும்படி மெல்லிய பட்டிழையில் தொங்கவிடுங்கள். காற்றுப் படாமல் ஒரு கண்ணாடிப் போத்தலால் மூடி, இருபுறமும் இரண்டு வலிமையான நியோடைமியக் காந்தங்களை எதிர்த் துருவங்கள் பார்க்கும்படி வையுங்கள். செதில் மெல்லத் திரும்பித் தன் தளத்தைப் புலத்தின் வழியே நிறுத்திக்கொள்ளும். பிறகு இரண்டு காந்தங்களையும் புரட்டிப் புலத்தின் திசையைத் தலைகீழாக்குங்கள். தூய காரீயம் அசையாமல் நிற்கும், ஏனென்றால் டயா காந்த முறுக்கு புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. செதில் அரைவட்டம் சுழன்றால் அதற்குள் நிலைகாந்தம் ஏறிய இரும்புச் சேர்வை ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பட்டிழை, செதில், இரண்டு காந்தம், ஒரு போத்தல்: பாடசாலை ஆய்வுகூடத்தில் இதற்கு இடமிருக்கிறது. அடுத்த தவணையில் ஒரு வகுப்பிலாவது செய்து பாருங்கள். செதில் திரும்பிய கோணத்தை மாணவர்களே குறிக்கட்டும்.